ஈரானைப் படங்கள் வழியாகப் புரிந்துகொள்ள எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி
விருதுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஈரானியப் படங்களைப் பார்த்தால், ஒன்றில் மொட்டை மலை, அடுத்ததில் காடும் வயலுமாகப் பச்சை. ஒரே நாடுதானா என்று குழப்பமாக இருக்கிறது. நிலமும் வாழ்க்கையும் பிடிபட எங்கே தொடங்கலாம்? வீட்டுக்குள்ளும் பெண்கள் முக்காட்டோடு இருக்கிறார்களே, நிஜத்திலும் அப்படித்தானா?

பதில் 1
விருதை விடுங்கள், வரைபடத்தை விரித்து அல்போர்ஸ் மலைத்தொடரைக் கண்டுபிடியுங்கள். காஸ்பியன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை அதுதான் தடுக்கிறது. அதனால் வடபுறம் நெல் வயல், தென்புறம் வறட்சி.

தெஹ்ரானில் தொடங்குவதானால் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). நகரமே ஒரு சரிவு: வடக்கு விளிம்பு ஏறக்குறைய 1,700 மீட்டர், தெற்கு 1,100. மேட்டில் பணக்காரர்கள், பள்ளத்தில் ஏழைகள். தோட்ட வேலை தேடி அப்பாவும் மகனும் சைக்கிளில் வடக்கே போவதையும், திரும்பி இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் விழுவதையும் இதை மனதில் வைத்துப் பாருங்கள். தங்கை போட்டிருக்கும் அண்ணனின் காலணி நழுவி விழுந்து அடித்துக்கொண்டு போகிற தெருவோர வாய்க்காலுக்கு 'ஜூப்' என்று பெயர். அதில் தண்ணீர் ஓடுவதும் இந்தச் சரிவால்தான்.

அடுத்து மலையின் மறுபக்கம், கீலான் மாகாணம். அப்பாஸ் கியரோஸ்தமி கோகர் என்ற ஊரைச் சுற்றி எடுத்த மூன்று படங்களை 1987, 1992, 1994 என்ற வரிசையிலேயே பாருங்கள். 1990 ஜூன் நிலநடுக்கத்தில் அந்தப் பகுதி நொறுங்கியது. முதல் படத்தில் நடித்த சிறுவர்களைத் தேடிப் போவது இரண்டாவது. இரண்டாவதில் வரும் ஒரு காட்சியைப் படமாக்குவது மூன்றாவது. மாற்றிப் பார்த்தால் பாதி புரியாது. ஒரு எச்சரிக்கை: குன்றில் வளைந்து வளைந்து ஏறும் அந்தப் புகழ்பெற்ற பாதை படத்துக்காகவே போடப்பட்டது. ஈரானில் மலைப்பாதை எல்லாம் அப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம்.

பதில் 2
முக்காடு பற்றி. வீட்டில் கணவன், பிள்ளைகள், உடன்பிறந்தார் முன்னால் முக்காடு போடும் கட்டாயம் கிடையாது. ஆனால் படம் பார்க்கிறவர் அந்நியர்; அதனால் 1979 புரட்சிக்குப் பிந்தைய தணிக்கையில் படுக்கையறைக் காட்சியிலும் நடிகை தலையை மூடியாக வேண்டும். கணவன் மனைவியாக நடிப்பவர்கள் தொட்டுக்கொள்ளவும் கூடாது. பல இயக்குநர்கள் கதையைக் காருக்குள்ளும் தெருவிலும் நகர்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே வீட்டுக் காட்சியை ஆவணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் முக்காடு போடும் விதம் பொய் சொல்லாது. அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) படத்தில் வீட்டுக்காரி தளர்வாகத் தலைத்துணி கட்டுகிறாள். முதியவரைப் பார்த்துக்கொள்ள வருபவள் உடலை மூடும் கறுப்புச் சாதர் அணிகிறாள். வர்க்கமும் மதப்பற்றும் அதிலேயே தெரிந்துவிடும். முதியவரின் உடையை மாற்றுவது பாவமா என்று அவள் தொலைபேசியில் கேட்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். குர்ஆன் மீது சத்தியம் செய்வதற்கு அந்தக் கதையில் ஏன் அவ்வளவு கனம் என்பதற்கு விதை அங்கேதான் விழுகிறது.

பதில் 3
சப்டைட்டிலில் தவறிப்போகும் இரண்டு விஷயங்கள்.

பணம்: அரசு நாணயம் ரியால், மக்கள் பேசுவது தோமானில், 10 ரியால் ஒரு தோமான். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் கலந்துவிட்டால் கடனும் சம்பளமும் பத்து மடங்கு தப்பாகத் தெரியும்.

உபசாரம்: கடைக்காரர் "காபெல் நதாரே" என்றால் சப்டைட்டில் "பணம் வேண்டாம்" என்று காட்டும். அது 'தாரோஃப்' என்ற மரியாதைப் பேச்சு. வாங்குபவர் வற்புறுத்திக் கொடுக்க வேண்டும், அவரும் வாங்கிக்கொள்வார்.

டப்பிங்கைத் தவிருங்கள். எல்லாப் படமும் பாரசீகம் அல்ல. பஹ்மன் கோபாதியின் 'எ டைம் ஃபார் ட்ரங்கன் ஹார்ஸஸ்' (2000) ஈராக் எல்லையோரத்துக் குர்திஷ் மக்களின் கதை, பேசுவதும் குர்திஷ். கடுங்குளிரில் சுமை தூக்க வைப்பதற்காகக் கோவேறு கழுதைகளுக்குச் சாராயம் கொடுப்பார்கள், தலைப்பு அதிலிருந்து வந்ததுதான். எல்லைக் கடத்தலை நம்பிப் பிழைக்கும் அந்த மலைக்கிராமத்தைப் பார்த்த பிறகு, தெஹ்ரான் படங்கள் மட்டும் ஈரான் இல்லை என்பது விளங்கும்.