இரவுச் சோதனையில் காரணத்தை எழுதுவது கதவைத் தட்டுவதற்கு முன்பா, பின்பா?

நீதிவழி:
"போதைப்பொருள் விற்கும் வீடு என்று தகவல் வந்துவிட்டால், நள்ளிரவிலும் வாரண்டு இல்லாமல் கதவை உடைத்து நுழையலாம், எழுத வேண்டியதை நிலையத்துக்குத் திரும்பிய பிறகு எழுதிக்கொள்ளலாம், வீட்டுக்குச் சீல் வைத்து மூடவும் செய்யலாம்" என்று பழைய காக்கி இந்த மன்றத்தில் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஒவ்வொரு பதிவிலும் தம்முடைய காவல் பணிக்காலத்தைச் சொல்லித் தொடங்குபவர் இப்படி எழுதினால், படிக்கிறவர்கள் அதையே சட்டம் என்று நம்பிவிடுவார்கள். போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985இன் 42ஆவது பிரிவு, சூரியன் மறைந்த பிறகு வாரண்டு இல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய ஒரே ஒரு வழியைத்தான் விட்டுவைத்திருக்கிறது. வாரண்டு வாங்கிவருவதற்குள் சாட்சியம் மறைக்கப்பட்டுவிடும் அல்லது குற்றவாளி தப்பிவிடுவார் என்று அதிகாரி நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை அவர் எழுதிவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாசலைத் தாண்ட வேண்டும். முதலில் எழுத்து, பிறகு நுழைவு. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

பழைய காக்கி:
தம்பி, சட்டப் புத்தகத்தை நானும் படித்தவன்தான். கர்னைல் சிங் வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு என்ன சொன்னது என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? அதிகாரி ரோந்தில் இருக்கும்போது கைப்பேசியில் தகவல் வந்து, தாமதித்தால் பொருள் கைவிட்டுப் போய்விடும் என்ற நிலை இருந்தால், முதலில் நடவடிக்கை எடுத்துவிட்டு, முடிந்தவரை விரைவில் எழுதி மேலதிகாரிக்குத் தெரிவிக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஹெராயினில் 250 கிராம் இருந்தாலே வணிக அளவு, அதாவது சட்டம் மிகக் கடுமையாகத் தண்டிக்கும் அளவு. அதை ஒரு சிறிய பையில் அடக்கிவிடலாம். நாங்கள் கதவுக்கு வெளியே நிற்கும்போதே மாடியில் ஒருவன் விசில் அடிப்பான், குளியலறை விளக்கு எரியும், வாளியால் தண்ணீரை ஊற்றும் சத்தம் கேட்கும். கதவைத் திறக்கும்போது தரை ஈரமாக இருக்கும், வேறொன்றும் இருக்காது. அந்த நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து காரணம் எழுத வேண்டும் என்று சொல்பவர், ஓர் இரவாவது அந்த வாசலில் நின்றிருக்க வேண்டும்.

நீதிவழி:
தீர்ப்பில் பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிடுவது உங்கள் வழக்கம்; சென்ற மாதம் ஜாமீன் பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். அதே தீர்ப்பு, எழுத்துப் பதிவு வழக்கமாக நுழைவுக்கும் சோதனைக்கும் முன்னதாகவே இருக்க வேண்டும் என்கிறது. அவசர நிலையில் மட்டும் நியாயமான அளவு தள்ளிப்போகலாம், அந்தத் தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் வேண்டும் என்கிறது. அடியோடு எழுதாமல் விடுவதை ஏற்கவே முடியாது என்கிறது. நிலையத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி, போதிய நேரம் இருந்தும் எழுதாமல் கிளம்பினால், அது வெளிப்படையான சட்டமீறல் என்றும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் எழுதியது ரோந்தில் இருந்தவரைப் பற்றி அல்ல. "தகவல் வந்துவிட்டால்" என்று பொதுவாக எழுதினீர்கள். விதிவிலக்கை எடுத்து விதியாக்கினீர்கள். அதற்குத்தான் பதில் கேட்கிறேன்: முன்பா, பின்பா?

தெருக்கோடி வீடு:
நீங்கள் இருவரும் காகிதத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நடக்கிறதே, அதைப் பற்றி யார் பேசுவது? மாலையானால் முன்பின் தெரியாத வண்டிகள் வருகின்றன. சன்னல் வழியாகக் கை நீள்கிறது, பணம் உள்ளே போகிறது, பொட்டலம் வெளியே வருகிறது. என் மகள் டியூஷன் முடிந்து சுற்றுவழியில் வீடு திரும்புகிறாள். புகார் கொடுத்தோம், வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட வீடுகளை மூன்று மாதம் வரை மூடிவைக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் மட்டும் ஏன் முடியாது? பழைய காக்கி ஐயா சொல்வதுபோல் பூட்டினால்தான் என்ன குறைந்துவிடும்?

பழைய காக்கி:
அம்மா, நீங்கள் சொல்வதுதான் நிலவரம். களத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது புரியும்.

நீதிவழி:
உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டும் இங்கிலாந்துச் சட்டம் உங்கள் வாதத்துக்கு உதவாது. அங்கே உயர் காவல் அதிகாரி அறிவிப்பு மட்டுமே கொடுக்க முடியும். 48 மணி நேரத்துக்குள் விஷயம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வந்து, அங்கே உத்தரவு பிறந்தால்தான் வீடு மூடப்படும். நம் சட்டத்திலோ, காவல் நிலையம் தானாகவே ஒரு குடியிருப்பைப் பூட்டி மூடலாம் என்று சொல்லும் பிரிவே கிடையாது. தன் இடத்தை இந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதித்த உரிமையாளரை 25ஆவது பிரிவில் தண்டிக்கலாம். கடத்தல் பணத்தில் வாங்கிய சொத்தை 68எஃப் பிரிவில் முடக்கலாம். அதையும் தகுதிபெற்ற அதிகார அமைப்பு 30 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் முடக்கம் செல்லாது. ஆகவே "சீல் வைக்கலாம்" என்று பழைய காக்கி எழுதியது அவருடைய இரண்டாவது தவறு. முதல் தவறுக்கே அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

வாடகைக்கு விட்டவன்:
அந்த இரண்டாவது தவறை அனுபவித்தவன் நான். மாடிப் பகுதியை இரண்டு இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். ஓர் இரவு சோதனை நடந்தது, இருவரையும் அழைத்துப்போனார்கள், போகும்போது தங்கள் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். சோதனையைப் பற்றி அவர்கள் எழுதிய மகஜரில் கைப்பற்றிய கஞ்சாப் பொட்டலங்களும் எடை பார்க்கும் சிறிய தராசும் இருந்தன. என் வீட்டைப் பூட்டியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பல மாதம் நடையாய் நடந்தேன். மின்கட்டணமும் வீட்டுவரியும் நான்தான் கட்டினேன். எந்த உத்தரவின் பேரில் பூட்டினீர்கள் என்று கேட்டபோதெல்லாம், "உங்களையும் வழக்கில் சேர்க்கவேண்டியிருக்கும்" என்ற பதில்தான் கிடைத்தது.

பழைய காக்கி:
வாடகை கைக்கு வரும்வரை மாடியில் என்ன நடக்கிறது என்று ஏறிப் பார்க்காத வீட்டுக்காரர்கள், சோதனை நடந்த பிறகு மட்டும் சட்டம் பேசுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்களை வழக்கில் சேர்க்காமல் விட்டதே பெரிது.

வாடகைக்கு விட்டவன்:
தெரிந்தே அனுமதித்தவருக்குத்தான் தண்டனை என்று இப்போதுதானே மேலே எழுதப்பட்டது? எனக்குத் தெரியும் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? முகம் தெரியாத ஒருவனைக் குற்றவாளியாக்க உங்களுக்கு ஒரு நிமிடம்தான் தேவைப்படுகிறது. அந்த இரவு காரணத்தை முன்பே எழுதினார்களா என்று அறிய எனக்கும் ஆசைதான்.

சட்டமாணவி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சன்னல் வழியாக யார் வந்தாலும் விற்கும் வீடு 42ஆவது பிரிவில் வருமா, அல்லது பொதுமக்கள் வந்துபோகும் இடம் என்ற வகையில் 43ஆவது பிரிவில் வருமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டாமா? 43இல் வந்தால் காரணத்தை எழுத வேண்டிய கட்டாயமே இல்லையே. மேலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவின்படி சோதனை முழுவதையும் ஒலி-ஒளிப்பதிவு செய்ய வேண்டும்.

பழைய காக்கி:
43உம் வேண்டாம், 105உம் வேண்டாம், மகளே. அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியான டி.எஸ்.பி. நேரில் வந்து சோதனையை நடத்தினால், 42இன் கட்டுப்பாடே பொருந்தாது என்று 2003ஆம் ஆண்டு பிரபுலால் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியிருக்க, முன்பா பின்பா என்று ஒருவர் இரண்டு நாளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நீதிவழி:
என்னைத் தம்பி என்றும், கேள்வி கேட்கும் மாணவியை மகளே என்றும் அழைத்தால் வாதம் வென்றுவிடாது. நீங்கள் நேற்று எழுதியதில் டி.எஸ்.பி. எங்கே இருந்தார்? "எஸ்.ஐ. போதும்" என்றல்லவா எழுதினீர்கள்? 2021இல் பூட்டா சிங் வழக்கில், தனியார் வாகனம் 43ஆவது பிரிவு சொல்லும் பொது வாகனம் ஆகாது, 42ஆவது பிரிவை அடியோடு பின்பற்றவில்லை என்று சொல்லிக் குற்றம்சாட்டப்பட்டவர்களை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு வாகனத்துக்கே அந்தப் பாதுகாப்பு என்றால், படுக்கையறையும் பூசையறையும் உள்ள வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? எழுதாமல் போன ஒரு தாளால் உண்மையான வியாபாரி கூண்டைவிட்டு இறங்கி வெளியே நடந்து போகிறான். தெருக்கோடி வீட்டு அம்மா கோபப்பட வேண்டியது அந்தத் தாளை எழுதாதவர்மீதுதான்.

தெருக்கோடி வீடு:
நான் யார்மீது கோபப்பட வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டாம். அந்தச் சன்னல் இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது.

பழைய காக்கி:
கேட்டீர்களா? பாதிக்கப்பட்டவர்களே சொல்கிறார்கள். போதிய காரணமில்லாமல் சோதனையிட்டால் அதிகாரிக்கே ஆறு மாதம் வரை சிறை என்று 58ஆவது பிரிவு இருக்கிறது. அந்த ஆபத்தைத் தலைமேல் சுமந்துகொண்டுதான் நாங்கள் கதவைத் தட்டினோம். அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தீர்ப்பு வாசிப்பவர்களுக்கு அந்தச் சுமை தெரியாது. அவசரம் என்றால் பின்பு எழுதலாம். ஐந்து நீதிபதிகள் சொன்னதை நான் திரும்பச் சொல்கிறேன்.

நீதிவழி:
ஐந்து நீதிபதிகளும் முன்பு என்பதை விதியாகவும் பின்பு என்பதை விதிவிலக்காகவும் சொன்னார்கள். எழுதியதன் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும் என்பது 2001 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்திலேயே இருக்கிறது. அந்த 72 மணி நேரம் நகலை அனுப்புவதற்கே தவிர, காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல. சுற்றி வளைக்காமல் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்: மாலை ஏழு மணிக்கு நிலையத்தில் இருக்கும் எஸ்.ஐ.க்குத் தகவல் வருகிறது, பத்து மணிக்குச் சோதனைக்குக் கிளம்புகிறார். இடையிலிருந்த மூன்று மணி நேரத்தில் அவர் எழுதியிருக்க வேண்டுமா, வேண்டாமா?

பழைய காக்கி:
எந்த எஸ்.ஐ.யும் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். உங்கள் கேள்வியே தவறு.

நீதிவழி:
பதில் இன்னும் வரவில்லை. முன்பா, பின்பா?