கிளட்ச் கவருக்கு ஸ்டார் ஸ்க்ரூவா, ஆலன் போல்ட்டா?

டூஸ்ட்ரோக்_மதுரை:
யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் கிளட்ச் கவரை, அதாவது இன்ஜின் பக்கத்து மூடியை, கழற்ற உட்கார்ந்தேன். மற்ற ஸ்க்ரூ எல்லாம் வந்துவிட்டன. கிக்கருக்குக் கீழே உள்ள ஒன்று மட்டும் அசையவில்லை. வீட்டில் இருந்த 2ஆம் நம்பர் ஸ்டார் திருப்புளியை வைத்து அழுத்தித் திருகியதில் வழுக்கி வழுக்கி, கூட்டல் குறி வட்டக் குழியாகிவிட்டது. பேசாமல் எல்லாவற்றையும் தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட்டாக மாற்றிவிடலாமா?

பட்டறைக்காரன்:
மாற்றிவிடுங்கள் தம்பி. நான் 20 வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஸ்டாரில் திருகும்போது முனை மேலே ஏறி வெளியே வரும். கையால் எவ்வளவு அழுத்தினாலும் பழைய ஸ்க்ரூ அசையாது. ஆலனில் அந்தப் பிரச்சினை கிடையாது. அதற்கான எல் வடிவச் சாவியை, எல் கீயை, செருகினால் நேராக நிற்கும்.

நிதானம்:
அண்ணா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குற்றம் ஸ்க்ரூவில் இல்லை, திருப்புளியில் இருக்கிறது. நம் ஊரில் கூட்டல் குறி போட்ட எல்லாவற்றையும் ஸ்டார் என்கிறோம். 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஃபிலிப்ஸ் ஒரு வகை. ஜப்பான் தரப்படி வந்த ஜேஐஎஸ் வேறு வகை. பழைய ஜப்பானிய வண்டிகளில் இரண்டாவதுதான். தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அநேகமாக அதுதான். ஃபிலிப்ஸ் முனை அதன் அடிவரை போய் உட்காராது, மேல்பக்கமே கவ்வும். அதனால்தான் நைகிறது. அதோடு இந்த எம்6 (6 மி.மீ. விட்டம்) ஸ்க்ரூவுக்கு 2ஆம் நம்பர் சின்னது, 3ஆம் நம்பர் வேண்டும். செருகிவிட்டு கையை எடுத்துப் பாருங்கள். ஆடினால் அந்தத் திருப்புளி வேண்டாம்.

பட்டறைக்காரன்:
சரி, நீங்கள் சொல்லும் திருப்புளி எங்கள் கடைத்தெருவில் கிடைக்க வேண்டுமே? ஆலன் போல்ட் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

நிதானம்:
கிடைக்கும் என்பதற்காக மாட்டினால், பிறகு கவர் அலுமினியம் என்பது மறந்துபோகிறது. எல் கீ நீளமாக இருப்பதால் கை தானாக அதிகம் முறுக்கும். ஸ்க்ரூ தலை நைந்தால் ஒரு ஸ்க்ரூ போச்சு. இன்ஜினில் மரை போனால் ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போட லேத்துக்குத்தான் போக வேண்டும். நான் போயிருக்கிறேன். ஒரே ஒரு துளைக்காக இன்ஜினையே இறக்க வேண்டியதாயிற்று.

பட்டறைக்காரன்:
மரை போவதை ஒத்துக்கொள்கிறேன், அப்படி வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். குட்டை எல் கீயை இரண்டு விரலால் பிடித்துத்தான் இறுக்க வேண்டும். ஆனால் அடுத்த முறை கழற்றும்போது சுலபம் என்பதில் எனக்கு மாற்றமில்லை. தம்பி, இப்போது அந்த ஒன்றைக் கழற்ற இம்பேக்ட் திருப்புளி வையுங்கள். முதலில் துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். பின் சுத்தியலால் நேராக அடியுங்கள். அடிக்கும்போதே முனை திரும்பும், அதனால் வழுக்காது.

நிதானம்:
இது சரி. ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை, கவனம். அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எது எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். நீளமானது குட்டைத் துளையில் போனால் அடியில் முட்டி மரையைக் கெடுத்துவிடும்.

டூஸ்ட்ரோக்_மதுரை:
வந்துவிட்டது! மூன்றாவது அடியில் டக்கென்று விட்டது. நைந்த ஒன்றுக்கு மட்டும் புது ஸ்க்ரூ வாங்கிவிட்டேன், மற்றவை பழையதே. நிதானம் சொன்ன ஜேஐஎஸ் 3ஆம் நம்பரும் வரவழைத்தேன். செருகிவிட்டுக் கையை எடுத்தால் திருப்புளி ஆடாமல் அப்படியே நிற்கிறது. அண்ணா, கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைச் சுரண்ட எது நல்லது?