பொருள்: ‘லீவர் ஆக்‌ஷன்’, ‘கலிபர்’ – வெள்ளிக்குள் தமிழ் வேண்டும்

கும்பகோணம், மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவரின் நினைவுக் குறிப்புகளைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். ஓர் அத்தியாயத்தில் மட்டும் வேலை நின்றுபோயிருக்கிறது. தந்தையும் மகனும் பழைய லீவர் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்று வாங்கக் கடைக்குப் போகிறார்கள். வின்செஸ்டர் 94-ஐயும் மார்லின் 336-ஐயும் மாறி மாறிக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். எதை வாங்குவதென்று தந்தை தயங்குகிறார். விசையைச் சுற்றி வளையம்போல் ஒரு கைப்பிடி. அதை முன்பக்கமாகத் தள்ளி இறக்கினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், சுத்திபோல் அடிக்கும் குதிரை பின்னால் சாயும். திரும்ப இழுத்து மூடினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இதை ‘நெம்புகோல் துப்பாக்கி’ என்றும், துப்பாக்கிக் குழலின் அளவைச் சொல்லும் கலிபரை ‘உள்விட்டம்’ என்றும் எழுதியிருக்கிறேன். சரிதானா?

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நெம்புகோல் நல்ல சொல். வினைத்தொகை, அதனால் இடையில் ஒற்று மிகவில்லை. அதோடு துப்பாக்கியைச் சேர்ப்பதுதான் சிக்கல். கோல் + தொடி, கோற்றொடி ஆவதுபோல் இது ‘நெம்புகோற்றுப்பாக்கி’ ஆக வேண்டும். பிரித்து எழுதித் தப்பிப்பதை நான் ஏற்கவில்லை. மேலும், துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரை மதிற்கருவிகளின் வரிசை ‘வளைவிற் பொறி’ என்றுதான் தொடங்குகிறது. தானே வளைந்து அம்பை எய்யும் இயந்திரம் அது. எய்யும் கருவிக்குப் பொறி என்ற பெயர் அன்றே இருந்திருக்கிறது. ‘நெம்புபொறி’ என்று எழுதுங்கள். ரைபிளின் குழலுக்குள் திருகுவரி இருப்பதால் அதற்குச் ‘சுரிகுழல்’ போதும்.

திருவாரூர், ஆழ்துளைக் கிணறு அமைப்பவர்:

ஐயா சொன்னதில் தலையிட எனக்குப் புலமை இல்லை. ஆனால் ‘உள்விட்டம்’ என்பது ஆபத்தான மொழிபெயர்ப்பு. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

எங்கள் தொழிலில் 110 மி.மீ. பி.வி.சி. குழாய் என்றால் அது வெளிவிட்டம். இரண்டங்குல ஜி.ஐ. குழாய் என்றால் அது உள்துளையின் பெயர். பெயர்தான், அளவு அல்ல. அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டங்குலத்தைத் தாண்டும். துப்பாக்கியிலும் இதேதான் நடக்கிறது. 44 மேக்னம் என்னும் தோட்டாவின் குண்டு 0.429 அங்குலம்தான். 38 ஸ்பெஷல், 357 மேக்னம் இரண்டும் பெயரில் வேறு, குண்டின் விட்டம் ஒன்று. 30-30, 308 வின்செஸ்டர், 30-06 மூன்றுக்கும் குண்டு 0.308 அங்குலம். கூட்டின் நீளம் வேறு, வடிவம் வேறு, உள்ளே எழும் அழுத்தம் வேறு. ஒன்றுக்காகக் குடைந்த அறையில் இன்னொன்றைப் போட்டுச் சுடுவது உயிரோடு விளையாடுவது.

பெயருக்குள் இருக்கும் எண்களும் ஒரே பொருளைச் சொல்வதில்லை. 1895-இல் வந்த 30-30-இல் முதல் எண் குழலின் துளை, இரண்டாவது எண் புகையில்லா மருந்தின் எடை, கிரெய்ன் என்னும் சிறு எடையலகில் 30. 45-70-இல் 70 என்பது கருமருந்தின் எடை. பழைய துப்பாக்கியை வாங்குபவன் குழலின் மேல் பொறித்த எழுத்தை முதலில் படிக்கிறான். அங்கே அவன் படிப்பது தோட்டாவின் பெயரை. அதனால் உங்கள் அத்தியாயத்தில் கலிபர் வரும் இடங்களில் ‘தோட்டா இனம்’ என்று எழுதுங்கள். குழலை உண்மையிலேயே அளக்கும் இடத்தில் மட்டும் ‘துளையளவு’. ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிப்போட வேண்டியதில்லை.

பட்டுக்கோட்டை:

தோட்டா இனம் நன்றாக இருக்கிறது. ‘பொறி’ வேண்டாம். எங்கள் வயலில் பொறி என்றால் எலிக்கு வைப்பது. துப்பாக்கி என்று சொல்லிப் புரியாதவர் தமிழ்நாட்டில் யாராவது உண்டா?

தஞ்சாவூர், வரலாற்று ஆய்வாளர்:

துப்பாக்கி துருக்கியது என்று ஐயா முடிவாகச் சொல்லிவிட்டார். ‘துப்பு’ என்றால் வலிமை, அதை ஆக்குவது துப்பாக்கி என்று கொள்ள இடமில்லையா? பன்னிரண்டாவது குறளிலேயே அந்த எழுத்துக் கோவை வருகிறது. இரவல் சொல்லை நாம் எப்படி உள்வாங்கினோம் என்பதற்குப் ‘பீரங்கி’ நல்ல சான்று. பறங்கியரின் கருவி என்பதால் வந்த பெயர். கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் பெரிய பீரங்கியை நேரில் பார்த்திருப்பீர்கள். இரும்புப் பட்டைகளை வளைத்துக் காய்ச்சி ஒட்டியது; வளையங்கள் கண்ணுக்குத் தெரியும். அது இரகுநாத நாயக்கர் காலத்தது என்பார்கள்; அவர் தரங்கம்பாடியை டேனியருக்கு விட்டுக்கொடுத்தது 1620-இல். அந்தக் காலத்துக் கருமார் குழலுக்கும் துளைக்கும் மருந்து வைக்கும் அறைக்கும் என்ன பெயர் சொன்னார்கள் என்று, பின்வந்த மராத்தியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களில் தேட வேண்டும்.

மன்னார்குடி:

தம்பி, குறளில் வருவது துப்பு + ஆக்கி, உணவை உண்டாக்கி என்று பொருள். மழையைச் சொல்லும் குறள் அது. அதைக் கருவிக்கு இழுப்பது வள்ளுவருக்கும் நல்லதல்ல, தமிழுக்கும் நல்லதல்ல. இரவல் என்று ஒப்புக்கொண்டு மாற்று தேடுவதே நேர்மை.

மயிலாடுதுறை, இயற்பியல் ஆசிரியை:

எனக்கு ‘நெம்பு’ என்பதிலேயே உடன்பாடில்லை. நெம்புவது என்றால் பாரத்தைக் கிளப்புவது. கடப்பாரையால் கல்லை நெம்புகிறோம். அடிபம்பின் கைப்பிடியும் நெம்புகோல்தான். ஆனால் தண்ணீர் அடிக்கும் யாரும் ‘நெம்புகிறேன்’ என்பதில்லை. இந்தத் துப்பாக்கியில் கை செய்யும் வேலை தோட்டாவை ஏற்றுவது. டெல்டாக்காரர்களுக்கு ஏற்றம் தெரியாத சொல்லா? ‘பிடியேற்றித் துப்பாக்கி’ என்றால் என்ன?

திருவாரூர்:

அம்மா, கைப்பிடி எல்லாத் துப்பாக்கியிலும் உண்டே. தாழ்ப்பாள்போல் ஓர் உருளையை இழுத்துத் தள்ளும் வகையிலும் கையால்தான் ஏற்றுகிறார்கள். வேறுபாடு அந்த வளையத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும் பகுதியை ‘தோட்டாக் குழாய்’ என்றே எழுதுங்கள். முன்னிருக்கும் தோட்டாவின் பின்புறத்தைப் பின்னிருக்கும் குண்டின் முனை தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூராக இருந்தால் அதிர்வில் வெடிக்கலாம். அதனால்தான் இவற்றுக்கு மொட்டைமுனைக் குண்டு. சாவேஜ் 99-இன் பழைய துப்பாக்கிகளில் சுழலும் அடுக்கு இருப்பதால் கூர்முனை போடலாம். ‘அடுக்கு’, ‘குழாய்’ என்று வேறுபடுத்தினால்தான் அந்தத் தந்தை ஏன் தயங்குகிறார் என்பது வாசகருக்கு விளங்கும்.

கும்பகோணம்:

அவர் அங்கேதான் தயங்குகிறார். மூலத்தில் ஒரு பக்கம் முழுக்க அதுதான். மிக்க நன்றி அண்ணா. நம் பக்கத்தில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை ஏறக்குறைய நின்றுவிட்டது. கோடியக்கரையில் வெளிமானை வேடிக்கை பார்ப்பதோடு சரி. அதனால்தான் இந்தச் சொற்கள் நம்மிடம் வளரவில்லை என்று நினைக்கிறேன். ‘தோட்டா இனம்’, ‘துளையளவு’, ‘தோட்டாக் குழாய்’ மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். தலைச்சொல்லுக்கு மட்டும் ‘நெம்புகோல் துப்பாக்கி’யே இருக்கட்டும், பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் படம் மனத்தில் வந்துவிடும்.

பட்டுக்கோட்டை:

ஆமோதிக்கிறேன்.

தஞ்சாவூர்:

நானும். மோடி ஆவணத் தேடலைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

மயிலாடுதுறை:

நேரமில்லை என்பதால் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த பதிப்பில் மறுபடி பேசுவோம்.

மன்னார்குடி:

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிரித்து எழுதுவதாக இருந்தால்கூட ‘நெம்புகோற் சுரிகுழல்’ என்று ஓர் அடிக்குறிப்பிலாவது இடம்பெற வேண்டும். ஒரு முறையேனும் அச்சேறினால்தான் பின்னால் வருபவர் எடுத்தாள முடியும். கும்பகோணத்து அம்மா, பதிப்பகத்தாரிடம் நீங்களே கேளுங்கள். தேவையானால் விளக்கக் குறிப்பை இன்றிரவே எழுதி அனுப்புகிறேன்.