புதிய கோமாளி மீன் மூலையை விட்டு நகரவில்லை: இயல்பா, நோயா?

கேள்வி:
வணக்கம். என் உப்புநீர்த் தொட்டியில் மீன் கழிவால் உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிலைத்துவிட்டன. நேற்று ஓர் ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் வாங்கி, பையை மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும் தொட்டியில் விட்டேன். அப்போதிலிருந்து நீர்மட்டத்தை ஒட்டி, ஹீட்டர் இருக்கும் மூலையில், ஒரே இடத்தில் உடலை நெளித்துக்கொண்டிருக்கிறது. இரவில் விளக்கை அணைத்த பிறகு ஒருக்களித்துக் கிடந்தது. குருணை உணவை வாயில் வாங்கித் துப்பிவிடுகிறது. துணைக்கு ஒரு கடல் அனிமோன் (கோமாளி மீன்கள் கடலில் குடியிருக்கும் உயிரி) வைத்தால் சீக்கிரம் பழகிவிடுமா?

பதில் 1:
நீங்கள் சொன்னவை அனைத்தும் புதிய இடத்துக்கு வந்த கோமாளி மீன் வழக்கமாகச் செய்பவைதான். ஒரு மூலையைத் தன் இடமாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே சுற்றுவதும், அலைபோல் உடலை ஆட்டி நீந்துவதும், ஒருக்களித்து உறங்குவதும் இந்த இனத்தின் இயல்பு. முதல் இரண்டு மூன்று நாட்கள் சரியாக உண்ணாவிட்டாலும் அஞ்ச வேண்டாம். விளக்கைக் குறைத்து, உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்துச் சிறிதளவு போட்டுப் பாருங்கள்.

அனிமோன் இப்போது வேண்டவே வேண்டாம். அதற்கு வலுவான ஒளியும், பல மாதங்கள் ஓடி முதிர்ந்த தொட்டியும் தேவை. பண்ணையில் பிறந்த மீன் அதைத் திரும்பிப் பார்க்காமலே இருந்துவிடலாம், அது இல்லாமலும் நன்றாக வாழும்.

பதில் 2:
முந்தைய பதிலை ஏற்கிறேன். ஆனால் பைத் தண்ணீரின் உப்படர்த்தியை, அதாவது அதில் உப்பு எவ்வளவு என்பதை, ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் பார்த்தீர்களா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. ஒட்டுண்ணிகளைக் கட்டுப்படுத்தக் கடைக்காரர்கள் பலர் 1.018, 1.020 (தூய நீரை 1 எனக் கொண்ட அளவு) என்று குறைத்தே வைத்திருப்பார்கள். நம் தொட்டி 1.025 இருக்கும். உப்பு குறைந்த நீருக்குப் போவதை மீன் எளிதில் தாங்கும், கூடிய நீருக்குத் திடீரென்று போவதுதான் கடினம்.

அதற்காக எல்லா மீனுக்கும் மணிக்கணக்கில் பைக்குள் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதும் சரியல்ல. நெடுநேரம் மூடியிருந்த பையில் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும், அதாவது நீர் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் கழிவிலுள்ள அம்மோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏற, அதுவே நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. ஆகவே தொலைவிலிருந்து வந்த மீனுக்குத் தனித்தொட்டியின் (புதிய மீனைப் பிரித்து வைக்கும் தொட்டி) உப்படர்த்தியை முன்பே பையின் அளவுக்கு இறக்கி வைத்து, வெப்பநிலை சமமானவுடன் மீனை மட்டும் மாற்றிவிட்டு, பிறகு சில நாட்களில் உப்பை உயர்த்துவதே என் விருப்பம். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எஞ்சிய பைத் தண்ணீரை இன்று அளந்தேன்: 1.021. தொட்டி 1.025. இப்போது குறைக்கலாமா?

பதில் 2:
வேண்டாம். ஒரு நாள் கடந்துவிட்டதால் மீண்டும் மாற்றுவது கூடுதல் அலைச்சல்தான்.

பதில் 3:
செவுள்களை மட்டும் கவனியுங்கள். மூச்சு வேகமாகி, தோலின் மேல் வெண்மையான சளி படர்ந்து உரியத் தொடங்கினால் அது புரூக்கினெல்லாவாக இருக்கலாம். கோமாளி மீன்களை ஓரிரு நாளில் கொன்றுவிடும் ஒட்டுண்ணி அது. தாமிர மருந்து அதற்குப் பயன்படாது, தனித்தொட்டியில் ஃபார்மலின் மருந்துக் குளியல்தான் வழக்கம். உப்புத்தூள் தூவியதுபோல் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் அது வேறு நோய், அதற்குத் தாமிரம் உதவும். எனவே மருந்தை ஊற்றும் முன் தெளிவான படம் ஒன்றை இங்கே இடுங்கள்.