புதுப்பிப்பு: முந்தி ஓடிய எச்எம்டி ஜனதா

நாளுக்குப் பத்து நிமிடம் முந்தும் என் எச்எம்டி ஜனதா கைக்கடிகாரம் ஏன் அப்படி ஓடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். வாட்சில் காந்தம் ஏறியதுதான் காரணம், திசைகாட்டியை ஒட்டி வைத்ததும் முள் துடித்தது. ஹேர்ஸ்பிரிங் (மயிரிழை போன்ற சுருள்வில்) சுருள்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டினால் அதன் வேலை செய்யும் நீளம் குறையும், பேலன்ஸ் (நேரத்தை அளக்க முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) வேகமாக ஆடும்.

டீமேக்னடைசரின் (காந்தம் நீக்கும் கருவி) பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மெல்ல ஓரடிக்கு மேல் விலக்கி, பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பக்கத்திலேயே விட்டால் காந்தம் மறுபடி ஏறிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இப்போது நாளுக்கு 20 நொடிதான் முந்துகிறது. மணிக்கு 18,000 துடிப்புள்ள இந்த 17 கல் (உராய்வைக் குறைக்கும் சிறு கற்கள்) இயந்திரத்துக்கு அது அருமையான ஓட்டம்.

காந்தம் எடுத்தும் நிமிடக் கணக்கில் முந்தினால் சுருளில் எண்ணெய் படிந்திருக்கலாம்; கழற்றிக் கழுவத்தான் வேண்டும். அதுவரை ரெகுலேட்டரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) தயவுசெய்து தொடாதீர்கள்.