பேசுறது கேக்குது, புரியல: வீட்டுக்குள்ள சத்தத்தோட நீங்க பட்ட பாடு?

வேளச்சேரி மருமகள்:
போன வருஷம் புது ஃப்ளாட்டுக்கு வந்தோம். வந்த ஒரு மாசத்துல மாமா ஹாலுக்கு வர்றதையே நிறுத்திட்டார். காதுல மெஷின் போட்டிருக்கார். "நீங்க பேசுறது கேக்குதும்மா, என்ன பேசுறீங்கன்னுதான் புரியல"ம்பார். மெஷின்தான் கோளாறுன்னு ரெண்டு தடவை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க எல்லாம் தெளிவாக் கேக்குது! மூணாவது தடவை அங்க இருந்த அம்மாவே கேட்டாங்க: "ஹால்ல தரை என்ன? ஜன்னலுக்குத் துணி போட்டிருக்கீங்களா?"

தரை பளபள டைல்ஸ். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளிச்சம் போயிடும்னு ஸ்கிரீன் போடவே இல்ல. சுவத்துல முட்டித் திரும்புற சத்தத்தையும் மெஷின் சேர்த்தே பெருசாக்குதாம். பழைய வாடகை வீட்டுல பாய், மெத்தை, துணி மூட்டைன்னு அடைஞ்சு கிடக்கும். அங்க அவருக்கு ஒரு தொல்லையும் இருந்ததில்ல. யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

கட்டடக்காரன்:
சகோ, மெஷின் போடாதவங்களுக்கும் இதே கதைதான், வெளிய சொல்ல மாட்டாங்க. 6 மீட்டர் நீளம், 5 அகலம், 3 உயரம்னு ஒரு ஹால் வச்சுக்குங்க. வெறும் டைல்ஸும் பூச்சுச் சுவரும் மட்டும்னா, சத்தம் 60 டெசிபல் (சத்தத்தை அளக்குற அலகு) இறங்கி அடங்க 4 விநாடி கிட்ட ஆகும். முதல் வார்த்தை அடங்குறதுக்குள்ள அடுத்த பத்து வார்த்தை வந்து மோதும். அதுலயே 12 சதுர மீட்டருக்கு நல்லா உறிஞ்சுற பலகை மாட்டினா 1 விநாடி அளவுக்கு இறங்கிடும். அமெரிக்காவுல சின்ன வகுப்பறைக்கு வச்சிருக்கிற வரம்பு 0.6 விநாடி.

இந்தக் கணக்கே மெத்தையில பிறந்ததுதான். 1895-ல அமெரிக்காவோட ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல ஒரு விரிவுரைக் கூடத்துல பேசுறது புரியலன்னு, அதைச் சரிபண்ற வேலையை அங்க இயற்பியல் சொல்லிக்கொடுத்த வாலஸ் சபைன்கிட்ட ஒப்படைச்சாங்க. மனுஷன் ராத்திரி ராத்திரியா தியேட்டர் இருக்கை மெத்தைகளை அள்ளிட்டு வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறையுதுன்னு அளந்தார்.

நம்ம ஊருக்குத் தென்னை நார்ப் பலகை போதும். சுவத்தோட ஒட்டாம கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டுங்க. அழகுக்குன்னு மேல பெயின்ட் அடிச்சிடாதீங்க, துளை அடைஞ்சா போச்சு.

முட்டை அட்டை:
பேரைப் பார்த்தே என் கதை புரிஞ்சிருக்கும். மதுரையில மெயின் ரோட்டு மேல வீடு. யாரோ சொன்னாங்கன்னு பெட்ரூம் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினேன். பஸ் ஹார்ன் அப்படியே வந்துச்சு. கூடவே கரப்பானும் வந்துச்சு.

கட்டடக்காரன்:
அது வேற நோய் சார். உள்ள எதிரொலிக்கிறதுக்கு மெத்துன்னு இருக்கணும். வெளிய இருந்து வர்றதுக்குக் கனமும், சந்து இல்லாத அடைப்பும் வேணும். சுவர் கோட்டையா இருந்தாலும் நூத்துல ஒரு பங்கு திறந்திருந்தா 20 டெசிபலுக்கு மேல தடுக்காது. முதல்ல ஜன்னல் ரப்பரையும் கதவு அடிச் சந்தையும் பாருங்க.

முட்டை அட்டை:
பார்த்தேன், சத்தம் நிஜமாவே குறைஞ்சது. ஆனா காத்தும் நின்னுபோச்சு. ஏசி ராத்திரி முழுக்க ஓடி, கரண்ட் பில்லு வந்தப்ப ஹார்னே தேவலன்னு இருந்துச்சு. கடைசியில கட்டிலைப் பின்பக்க ரூமுக்கு மாத்திட்டேன். அங்க தோட்டம், ஜன்னல் திறந்தே கிடக்கு. ரோட்டுப் பக்கம் இப்ப பீரோவும் துணியும். செலவு, தூக்குன ரெண்டு பேருக்குக் கொடுத்த டீக்காசு.

கீழ்வீட்டுக்காரன்:
எனக்கு மாடியில கிரைண்டர். காலைல அஞ்சரைக்கு என் தலைக்கு மேல மாவு ஆடும். என் சீலிங்ல என்ன ஒட்டியும் பலனில்ல, அதிர்வு கான்கிரீட் வழியா இறங்குது. தடிமனான ரப்பர் விரிப்பு நானே வாங்கிட்டுப் போய்க் கொடுத்தேன். அந்தம்மா முதல்ல முறைச்சாங்க, அப்புறம் ஒரு சம்படம் மாவு கொடுத்தாங்க. இப்ப முனகலாத்தான் கேக்குது.

வேளச்சேரி மருமகள்:
கனமான துணியில நிறைய மடிப்பு வச்சு ஸ்கிரீன் போட்டாச்சு, ஒரு சுவத்துல நார்ப் பலகை. மாமா ராத்திரி நியூஸுக்கு ஹாலுக்கு வர்றார். ஆனா எங்களுது திறந்த கிச்சன். குக்கர் விசில் வந்தா மெஷினைக் கழட்டிட்டு எழுந்து போயிடுறார். இதுக்கு யாராவது வழி சொல்லுங்களேன்?