கிணற்று நீர்மட்டத் தகவல் என் பக்கத்தில் வரமாட்டேன் என்கிறது, வரைபடத்தில் புள்ளிகளும் இடம் மாறி நிற்கின்றன. உதவுங்கள்

ஓமலூர்க்காரன்:
வணக்கம். சேலம் மாவட்டத்தில் ஓமலூர், காடையாம்பட்டி பக்கத்துக் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஊர்க்காரர்கள் போனிலேயே தமிழில் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் செய்கிறேன். இங்கே கடன் வாங்கி ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறவர்களுக்கு, பக்கத்துக் கிணற்றை அரசு வருடக்கணக்காக அளந்து வைத்திருப்பதே தெரியாது, அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்றுதான் இறங்கினேன்.

சிக்கல் இரண்டு. அரசுத் தளத்தின் தகவல் முகவரியைப் பிரவுசரில் நேராகத் திறந்தால் தகவல் ஜேசன் வடிவில் அழகாக வருகிறது, என் பக்கத்திலிருந்து ஃபெட்ச் செய்தால் கன்சோலில் ‘கோர்ஸ்’ என்று சிவப்பில் பிழை. சரி, கோப்பை இறக்கி வைத்துப் பார்க்கலாம் என்றால் லீஃப்லெட் என்ற நிரலில் போட்ட வரைபடத்தில் ஒரு புள்ளிகூட சேலத்தில் இல்லை, எல்லாம் நார்வேக்கு வடக்கே கடலில் கிடக்கின்றன.

கன்னங்குறிச்சி:
இரண்டாவதுதான் சுலபம். ஜியோஜேசனில் (இடத் தகவலுக்கான ஜேசன் கோப்பு) தீர்க்கரேகை முதலில் வரும், லீஃப்லெட்டுக்கு அட்சரேகையை முதலில் தரவேண்டும். சேலம் 11.65 வடக்கு, 78.15 கிழக்கு. திருப்பிப் போட்டால் 78.15 வடக்கு, அதாவது ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில். இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

கோர்ஸ் உங்கள் கோடில் உள்ள பிழை இல்லை. வேறு தளத்துப் பக்கம் இந்தத் தகவலைப் படிக்கலாம் என்று அந்த சர்வர் ஹெடரில் அனுமதி சொன்னால்தான் பிரவுசர் உங்கள் ஸ்கிரிப்டிடம் அதைக் கொடுக்கும். தகவலை நடுவில் நின்று வாங்கித் தரும் இலவச பிராக்ஸி சர்வர் போடச் சொல்லிப் பலர் வருவார்கள், தயவுசெய்து வேண்டாம், நடுவில் இருப்பவர் எண்ணை மாற்றினாலும் உங்களுக்குத் தெரியாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கிணறுகளை வழக்கமாக அளப்பதே வருடத்துக்கு நான்கு முறைதான், ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர். அதை ஒவ்வொருவர் பக்கம் திறக்கும்போதும் போய்க் கேட்க என்ன அவசியம்? ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எடுத்து சிஎஸ்வியாக (எளிய அட்டவணைக் கோப்பு) உங்கள் தளத்திலேயே வைக்கட்டும். அரசுத் தளம் படுத்துக்கொண்டாலும் உங்கள் பக்கம் ஓடும்.

ஓமலூர்க்காரன்:
நன்றிங்க அண்ணா, புள்ளிகள் ஊருக்கு வந்துவிட்டன! ஆனால் ஸ்கிரிப்ட் என் லேப்டாப்பில் ஓடுகிறது, அதை இணையத்தில் தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் போட்டால் டைம் அவுட்.

கன்னங்குறிச்சி:
பல அரசுத் தளங்கள் வெளிநாட்டு ஐபியைத் தடுத்து வைத்திருக்கின்றன, கிட்ஹப் இயந்திரங்கள் இருப்பது வெளிநாட்டில். வீட்டுக் கணினியில் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போட்டு எடுத்து, சிஎஸ்வியை மட்டும் ஏற்றுங்கள்.

நீர்வள மாணவி:
நான் கோடுக்கு வரவில்லை, எண்ணுக்கு வருகிறேன், ஏனென்றால் ஜனங்கள் இதைப் பார்த்துத்தான் போர் போடப் போகிறார்கள். அந்த எண் தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே என்பது. 4 இருந்து 9 ஆனால் தண்ணீர் இறங்கிவிட்டது, ஆனால் கிராஃபில் கோடு மேலே ஏறும். அச்சைத் தலைகீழாகத் திருப்பி, 0 மேலே வைத்து, ‘தரைமட்டம்’ என்று எழுதுங்கள். காலிக் கட்டத்தை எக்காரணம் கொண்டும் 0 ஆக்காதீர்கள், தண்ணீர் தரையைத் தொட்டு நிற்கிறது என்று ஆகிவிடும். கிணறு வறண்டது வேறு, அளக்கவில்லை என்பது வேறு, இரண்டையும் தமிழில் தனித்தனியாகச் சொல்லுங்கள். திறந்த கிணற்றையும் போரையும் ஒரே கோட்டில் சேர்க்கவும் கூடாது.

இன்னொன்று, புள்ளிகளுக்கு நடுவே வண்ணம் பூசி ஊரையே நிரப்பாதீர்கள். சேர்வராயன் மலையும் அடிவாரமும் கடினப் பாறை, சார்னோகைட்டும் நைஸும். தண்ணீர் விரிசலில்தான் நிற்கும், இரண்டு வயல் தள்ளி உள்ள கிணறு வேறு கதை சொல்லும். அளந்த இடத்தில் மட்டும் புள்ளி இருக்கட்டும்.

ஓமலூர்க்காரன்:
அச்சைத் திருப்பிவிட்டேன் அக்கா, இப்போதுதான் பார்த்ததும் புரிகிறது. மேட்டூர் அணையையும் மேலே ஒரு பட்டையாகப் போட ஆசை, 120 அடியில் எத்தனை சதவீதம் என்று. சரியாக இருக்குமா?

நீர்வள மாணவி:
அடியை வைத்துச் சதவீதம் போடாதீர்கள் தம்பி. அணை கீழே குறுகல், மேலே அகலம். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, 100 அடி நிற்கும்போது இருப்பு சுமார் 65 டிஎம்சிதான். அடிக்கணக்கில் 83 சதவீதம், தண்ணீர்க் கணக்கில் 70கூட இல்லை. டிஎம்சியை வைத்துப் போடுங்கள், அடியைப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஓமலூர்க்காரன்:
சரிங்க, அப்படியே செய்கிறேன். ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் அளந்த தேதியும் தகவல் யாருடையது என்பதும் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். மார்ச் 6-ஐ ஜூன் 3 என்று படிக்காமல் இருக்க மாதத்தை எழுத்தில் போட்டாயிற்று. போனில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க டேனிஷ்பேட்டை, தும்பிப்பாடி பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், முகவரி அனுப்புகிறேன்.